ஸ்பின்னர் ஃப்ளை எதை வாங்குவது, எதைக் கட்டுவது? ட்ரவுட் பிடிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்பின்னர் என்றால் என்ன? டன்னிலிருந்து அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகு, நூல் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி; குளிர்நீர் மீனான ட்ரவுட்டைப் பிடிக்க அதை வீசுவோம். மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கடியில் நிம்ஃபாகவே, அதாவது இறக்கையில்லாத இளம் பூச்சியாகவே, கழித்துவிடுகிறது. வளர்ந்ததும் மேலே வந்து, தோலை உரித்து, இறக்கை விரித்து நிற்கும். இந்த நிலைக்கு டன் என்று பெயர். டன்னின் இறக்கை மங்கலாக, சாம்பல் பூசினாற்போல் இருக்கும். பாய்மரம் மாதிரி நேராக நிமிர்ந்து நிற்கும். அது பறந்து கரையோரச் செடிகளில் போய் உட்கார்ந்து, அங்கே இன்னொரு முறை தோலுரிக்கும். இறக்கை முளைத்துப் பறக்கத் தொடங்கிய பிறகும் தோலுரிக்கும் பூச்சி வரிசை இது ஒன்றுதான்.

இரண்டாவது தோலுரிப்புக்குப் பிறகு வருவதுதான் ஸ்பின்னர். இறக்கை கண்ணாடி போலத் தெளிவாகிவிடும், உடல் மெலிந்து பளபளக்கும், வால் நீளும். ஆணுக்குக் கண்கள் பெரிதாகவும் முன்னங்கால்கள் நீளமாகவும் இருக்கும். வாய் வேலை செய்யாது, எதையும் சாப்பிடாது. மீதமிருக்கும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ, இணை சேர்வதற்கும் முட்டையிடுவதற்கும் மட்டும்தான். முட்டையிட்டு முடித்த பெண், இறக்கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி தண்ணீர்மேல் விழுந்துவிடும். நாம் ஃப்ளையாகக் கட்டுவது இந்தக் கடைசிக் கோலத்தைத்தான்.

ட்ரவுட் இதை ஏன் இவ்வளவு விரும்பித் தின்கிறது?

ஓடிப்போக முடியாத இரை என்பதால். டன் எந்த நொடியிலும் பறந்துவிடலாம், நிம்ஃப் நீந்தும். விழுந்துவிட்ட ஸ்பின்னர் எங்கேயும் போகாது. இது மீனுக்கும் தெரிந்திருக்கிறது என்பதை அது சாப்பிடும் விதத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். பெரிய மீன்கூடப் பாய்ந்து வராது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே சும்மா நின்றுகொண்டு, மிதந்து வருவதை ஒவ்வொன்றாக உறிஞ்சும். ஸ்பின்னர்கள் ஒரே நேரத்தில் கூட்டமாக விழுவதால், நகராமலேயே வயிறு நிரம்பிவிடுகிறது. பெரிய, அனுபவப்பட்ட மீன்கள் சிறிய பூச்சிகளுக்காக மேலே வரும் அபூர்வமான நேரம் இது. அதனாலேயே இதற்கென்று பெட்டியில் தனி வரிசை ஒதுக்கலாம் என்பேன்.

இப்போது மீன் தின்பது ஸ்பின்னரைத்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். சலசலத்து ஓடும் ஆழமில்லாத பகுதிக்கு மேலே, மரக்கிளை உயரத்தில், பூச்சிகள் செங்குத்தாக ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தால் ஆண்கள் கூடியிருக்கின்றன என்று பொருள். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் வந்து இணை சேரும். கூட்டம் மெல்ல மெல்லத் தண்ணீரை நோக்கி இறங்கினால் விழும் நேரம் நெருங்கிவிட்டது.

அப்புறம் தண்ணீரைப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் மிதப்பதாகவே தெரியாது. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முழங்கால் அளவு நீரில் நின்று, முகத்தை நீருக்கு அருகே கொண்டுபோய், வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்ந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் சிலுவை வடிவில் கைவிரித்துக் கிடப்பவை ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். மீன்தொட்டிக்கு வாங்கும் சின்ன வலையை ஓட்டத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்ப்பது இதைவிடச் சுலபம். கரையோரப் புதர்களில் இருக்கும் சிலந்தி வலைகளையும் பாருங்கள். நேற்று மாலை எது பறந்தது, எந்த அளவு, எந்த நிறம் என்ற விவரமெல்லாம் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும்.

மீன் எழும்பும் விதமும் சொல்லிவிடும். தண்ணீர் தெறிக்காது, சத்தம் இருக்காது. ஒரு சிறு வளையம், சில சமயம் மூக்கு நுனி மட்டும். அதே இடத்தில், சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வளையம் வந்தால் ஸ்பின்னராக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

எந்த இடத்தில் தேட வேண்டும்?

முட்டையிடுவது பெரும்பாலும் வேகமாக ஓடும் பகுதியில். ஆனால் மீன் சாப்பிடுவது அதற்குக் கீழே இருக்கும் அமைதியான நீரில். மடுவின் கடைசிப் பகுதி, கரையோரம், சுழிகள், நுரை சேர்ந்து போகும் கோடு ஆகிய இடங்களுக்குத்தான் செத்த பூச்சிகள் வந்து சேரும். நுரை போகும் வழியே உணவும் போகும். வேக நீரிலேயே நின்று வீசிக்கொண்டிருந்தால் நல்ல நேரம் வீணாகிவிடும்.

ஒரே ஒரு பேட்டர்ன், அதாவது ஃப்ளை மாதிரி, மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது?

ரஸ்டி ஸ்பின்னர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துருப்பிடித்த இரும்பின் பழுப்புச் சிவப்பில் மெலிந்த உடல், பிரிந்து நிற்கும் வால், இரண்டு பக்கமும் கிடையாக விரிந்த வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் இறக்கை. இவ்வளவுதான் அந்த ஃப்ளை.

இது இத்தனை இடங்களில் வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. டன்னாக இருக்கும்போது ஒன்று ஆலிவ், ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல் என்று ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும் பல இனங்கள், ஸ்பின்னராக மாறியதும் பழுப்புச் சிவப்பின் ஏதோ ஒரு சாயலுக்கு வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் கிழக்கே வசந்த காலத்தில் வரும் ஹென்ட்ரிக்சன், அதன் பிறகு வரும் சல்ஃபர், மேற்கே கோடையில் வரும் பேல் மார்னிங் டன் எனப்படும் பிஎம்டி, பல பேட்டிஸ் இனங்கள், சிவந்த பழுப்பு உடல் கொண்ட ஐசோனிக்கியா என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே நிறம் போதும். இங்கிலாந்தில் புளூ விங்டு ஆலிவின் பெண் ஸ்பின்னரை ஷெர்ரி ஸ்பின்னர் என்பார்கள். அதுவும் இதே குடும்ப நிறம்தான். இனத்துக்கு இனம் மாறுவது பெரும்பாலும் அளவு மட்டுமே.

ஆகவே ஒரே பேட்டர்னைப் பல அளவுகளில் வாங்குங்கள். முள் அளவு 14, 16, 18 ஆகிய மூன்றும் கட்டாயம். எண் கூடக் கூட ஃப்ளை சிறுத்துக்கொண்டே போகும் என்பது புதிதாக வருபவர்களுக்குக் குழப்பம் தரும். அதை மட்டும் மனதில் வையுங்கள். ஹென்ட்ரிக்சனும் மார்ச் பிரவுனும் வரும் ஆறு என்றால் 12-ஐச் சேருங்கள். பேட்டிஸ் அதிகம் என்றால் 20, 22. பத்து நிறத்தில் ஒரே அளவை வைத்திருப்பவரைவிட, ஒரே நிறத்தில் ஐந்து அளவை வைத்திருப்பவர் அதிக மீன் பிடிப்பார் என்பது என் உறுதியான கருத்து.

அளவு, வடிவம், நிறம் மூன்றில் எது முக்கியம்?

அளவு முதலில். தண்ணீரில் கிடக்கும் கோலம் அடுத்தது. நிறம் கடைசியில்.

மீன் என்ன பார்க்கிறது என்று யோசித்தால் இது புரியும். நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும்போது, ஒளி வளைவதால், மீனின் தலைக்கு நேர் மேலே ஒரு வட்டமான ஜன்னல் வழியாகத்தான் வெளியுலகம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டம், மீன் இருக்கும் ஆழத்தைப் போல் ஏறத்தாழ 2.3 மடங்கு. வட்டத்துக்கு வெளியே மேற்பரப்பு ஒரு கண்ணாடியாக மாறி ஆற்றின் அடிப்பகுதியைப் பிரதிபலிக்கும். அந்தக் கண்ணாடியில் ஒரு பூச்சி படுத்திருந்தால், அதன் உடலும் இறக்கையும் நீர்ப்படலத்தை அழுத்தும் இடங்கள் மட்டும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். மீன் முதலில் பார்ப்பது அந்த ஒளித்தடத்தை. நிமிர்ந்து நிற்கும் டன் என்றால் ஆறு கால் புள்ளிகள். விழுந்த ஸ்பின்னர் என்றால் நீண்ட உடல், இரண்டு பக்கமும் பரந்த இறக்கை, முழுச் சிலுவை. இந்த வித்தியாசத்தை மீன் ஜன்னலுக்குள் பூச்சி வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறது.

அதனால்தான் காலர் போல ஹேக்கிள் (சேவல் கழுத்து இறகு) சுற்றி உயரமாக நிற்கும் வழக்கமான டிரை ஃப்ளை, அதாவது நீர்மேல் மிதக்கும் ஃப்ளை, ஸ்பின்னர் விழும் நேரத்தில் எடுபடுவதில்லை. நிறம் சரியாகவே இருந்தாலும் அது தண்ணீர்மேல் நிற்கிறது, படுக்கவில்லை. அவசரத்துக்கு அதே ஃப்ளையின் கீழ்ப்பக்க ஹேக்கிளைக் கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டால், உடல் நீர்ப்படலத்தில் உட்கார்ந்துவிடும். கையில் வேறு எதுவும் இல்லாத மாலைகளில் இது நன்றாகவே உதவும்.

நிறம் முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. கருத்த பூச்சி விழும்போது வெளுத்த ஃப்ளை போட்டால் அமைதி நீரில் மீன் கண்டுபிடித்துவிடும். ஆனால் பழுப்பில் இந்தச் சாயலா அந்தச் சாயலா என்று மண்டையைக் குடைந்துகொள்வது தேவையற்றது.

ரஸ்டி ஸ்பின்னர் எங்கே போதாது?

முதலாவது டிரைக்கோ என்ற மேஃப்ளை. உடல் மிகச் சிறியது. 20 முதல் 24 வரை, சில இடங்களில் 26-கூடத் தேவைப்படும். மற்ற பல இனங்கள் மாலையில் விழும்போது இது காலையில் விழும். ஆண்கள் இரவிலேயே வெளிவந்துவிடும், பெண்கள் விடியலில். காற்றின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கூட்டம் கூட்டமாக விழும். ஆணுக்கு உடல் முழுக்கக் கறுப்பு. பெண்ணுக்கு மார்பு கறுப்பு, வயிறு வெளுப்பு அல்லது வெளிர் ஆலிவ். கறுப்பு மார்பும் வெள்ளை இறக்கையும் உள்ள ஒரு பேட்டர்ன் கட்டாயம் வேண்டும். கோடை முடிவில் டிரைக்கோ உள்ள ஆற்றுக்குப் போகிறீர்கள் என்றால் ரஸ்டிக்கு முன் இதை எடுத்து வையுங்கள்.

இரண்டாவது கீனிஸ். வெளுத்த, மிகமிகச் சிறிய பூச்சி. டன் நிலையிலிருந்து ஸ்பின்னராக மாறுவதற்குச் சில நிமிடங்களே எடுத்துக்கொள்ளும். ஏரிகளிலும் மெதுவான ஆறுகளிலும் வரும். இதற்கு 22 அளவில் வெளிர் நிற ஸ்பின்னர் இருக்கட்டும். எப்படியும் கஷ்டமான மீன்பிடிதான்.

மூன்றாவது, ஏரிகளில் வரும் காலிபேட்டிஸ். இறக்கையின் முன் விளிம்பில் புள்ளிகள் இருக்கும். 14 அல்லது 16 அளவில் மணல் நிறம் அல்லது சாம்பல் நிற உடலோடு கட்டலாம். இறக்கைக்கு வரிகொண்ட கிரிஸ்லி ஹேக்கிளைப் பயன்படுத்தினால் அந்தப் புள்ளித் தோற்றம் தானாகவே வந்துவிடும்.

நான்காவது, பெரியவை. அமெரிக்காவின் கிழக்கே வரும் கிரீன் டிரேக்கின் ஸ்பின்னர் வெளுத்த உடலும் கறுத்த மார்புமாக இருக்கும். அதற்கான பேட்டர்னுக்குக் காஃபின் ஃப்ளை என்று பெயர். மிச்சிகன் ஆறுகளில் ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் இருட்டிய பிறகு விழும் ஹெக்ஸ், 6 அல்லது 8 அளவு. அயர்லாந்து ஏரிகளில் எஃபெமெரா டானிகா விழும் அமைதியான மாலைகளில் ஸ்பென்ட் நேட் என்ற ஸ்பின்னர் ஃப்ளை போடுவார்கள். இவையெல்லாம் குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட சில வாரங்களுக்கானவை. அந்த ஊருக்கு அந்த நேரத்தில் போகாதவர் வாங்கி வைக்க வேண்டியதில்லை.

இறக்கைக்கு எந்தப் பொருள் நல்லது?

நிறையப் பேர் நிறைய வாதிடும் கேள்வி. எனக்குப் பிடித்தது பாலி யார்ன், அதாவது பாலிபுரொப்பிலீன் நூல். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, சுமார் 0.9. தண்ணீரை உறிஞ்சாது. அதனால் நனைந்தாலும் மிதக்கும், இரண்டு வீச்சில் உதறிக் காயவைத்துவிடலாம். விலை குறைவு, கட்டுவதும் எளிது. ஒரு சிறு கற்றையை முள்ளின் மேல் குறுக்காக வைத்து, எட்டு வடிவத்தில் நூலைச் சுற்றி இறுக்கி, சுற்றிலும் கொஞ்சம் டப்பிங், அதாவது நூலில் முறுக்கிய மென்மயிர், போட்டால் மார்பும் இறக்கையும் முடிந்தது.

இதில் ஒரே ஒரு ஆபத்து, கற்றை தடித்துவிடுவது. உண்மையான ஸ்பின்னரின் இறக்கை வழியாக மறுபக்கம் தெரியும். கட்டி முடித்த ஃப்ளையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; இழைகளுக்கு நடுவே வெளிச்சம் வர வேண்டும். வராவிட்டால் பாதி இழைகளை வெட்டி எடுத்துவிடுங்கள். 18-க்கும் சிறிய முள்ளில், பாக்கெட்டில் வரும் யார்னை அப்படியே பயன்படுத்தாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துத்தான் போட வேண்டும். நீளம், ஒவ்வொரு பக்கமும் உடலின் நீளம் இருந்தால் போதும்.

ஆன்ட்ரான், ஸீலான் போன்ற இழைகள் நன்றாக மின்னும். ஆன்ட்ரான் நைலான் வகை, நீரைவிடக் கனம். எனவே அதில் கட்டிய ஃப்ளை நீர்ப்படலத்தில் இன்னும் தாழ்ந்து உட்காரும். அமைதி நீருக்கு அது நல்லதே, ஆனால் சீக்கிரம் மூழ்கும். வெள்ளைப் பாலியோடு இரண்டு மூன்று மின்னும் இழைகளைக் கலந்து கட்டினால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

ஹேக்கிள் இறக்கை பழைய முறை. மூன்று நான்கு சுற்று ஹேக்கிள் சுற்றி, மேலும் கீழும் வெட்டிவிட்டால் பக்கவாட்டில் மட்டும் இழைகள் நிற்கும். கொஞ்சம் வேகமான நீரில் இது நன்றாக மிதக்கும். இழை நுனிகள் படலத்தில் குத்தும் விதமும் இயல்பாக இருக்கும். இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றில் ஹௌட்டன் கிளப் என்ற மீன்பிடிக் கழகத்தின் ஆற்றுக் காவலராக இருந்த வில்லியம் லன் கட்டிய லன்ஸ் பர்ட்டிகுலர், சேவல் ஹேக்கிளின் நுனிகளையே படுத்த இறக்கையாக வைத்தது. அது இன்றும் கட்டப்படுகிறது, இன்றும் மீன் பிடிக்கிறது.

வாத்தின் எண்ணெய்ச் சுரப்பிக்கு அருகில் இருந்து எடுக்கும் சிடிசி இறகும் அழகாக மிதக்கும். ஆனால் ஒரு மீன் பிடித்ததும் வழவழப்பு ஒட்டிக்கொள்ளும். கழுவி, ஒற்றி, பொடி போட்டுத்தான் மறுபடி பயன்படுத்த முடியும். மீன்கள் அடுத்தடுத்து எழும்பும் அந்தக் குறுகிய நேரத்தில் இதற்குப் பொறுமை இருக்காது. பிளாஸ்டிக் தாளில் வெட்டிய இறக்கைகள் பார்வைக்கு மிக அருமை. வீசும்போது விசிறிபோல் சுழன்று டிப்பெட்டை, அதாவது ஃப்ளை கட்டும் மெல்லிய நுனி நரம்பை, முறுக்கிவிடும். அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

வாலும் உடலும்?

வாலைப் பிரித்துக் கட்டுவது அழகுக்காக மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் விரிந்த வால், ஃப்ளை கவிழாமல் நேராகக் கிடக்க உதவும். பெயின்ட் பிரஷ்களில் இருக்கும் செயற்கை மயிர்தான் மைக்ரோஃபிபெட்ஸ் என்ற பெயரில் வருகிறது. பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு இழை போதும். வாலடியில் நூலால் ஒரு சிறு உருண்டை கட்டிவிட்டு, அதன் இரண்டு பக்கமும் இழைகளை அழுத்திக் கட்டினால் தானாகப் பிரிந்துகொள்ளும்.

உடலுக்கு வான்கோழி இறகின் ஓரத்துக் குட்டை இழையான பயாட் சுற்றினால் கண்டம் கண்டமாக அழகாக வரும். மெல்லிய டப்பிங்கும் சரிதான். மிகச் சிறிய அளவுகளில் வெறும் நூலே போதும். எதில் கட்டினாலும் மெலிதாக இருக்க வேண்டும். ஸ்பின்னரின் வயிறு முட்டையை இழந்து காலியானது. குண்டாகக் கட்டினால் அது வேறு பூச்சி.

மாலை வெளிச்சத்தில் என் ஃப்ளை எனக்கே தெரியவில்லை. என்ன செய்வது?

எல்லாருக்கும் இருக்கும் கஷ்டம். தாழ்ந்து கிடப்பதுதான் ஸ்பின்னரின் பலம். அதுவேதான் நம் கண்ணுக்குப் பிரச்சினை.

ஒரு வழி, மார்பின் மேல் இளஞ்சிவப்பிலோ ஆரஞ்சிலோ சின்னக் குச்சம் வைத்துக் கட்டுவது. மீன் கீழிருந்து பார்ப்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் மங்கும்போது ஆரஞ்சைவிடக் கறுப்புக் குச்சம் பளபளக்கும் நீரில் தெளிவாகத் தெரியும். வெள்ளித் தகடு போல நீர் மின்னும் நேரத்தில் முயன்று பாருங்கள். இன்னொரு வழி, கண்ணுக்கு எளிதில் தெரியும் டிரை ஃப்ளை ஒன்றை முன்னால் கட்டி, அதன் முள் வளைவிலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் டிப்பெட் விட்டு ஸ்பின்னரைக் கட்டுவது. முன் ஃப்ளைக்கு அருகே எங்கே வளையம் தோன்றினாலும் கோலை மெல்ல உயர்த்துங்கள். இரண்டு ஃப்ளை அனுமதிக்கப்பட்ட நீரா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எதையும் மாற்றாமல் தூரத்தைக் குறைப்பது. மீன் மேற்பரப்புக்கு அருகே நிற்பதால் அதன் ஜன்னல் சிறியது. பின்னாலிருந்து சத்தமில்லாமல், தாழ்ந்து வந்தால் வழக்கத்தைவிட மிக நெருங்கலாம். நெருங்கிய வீச்சில் ஃப்ளை எங்கே விழுந்தது என்பது தெரியாவிட்டாலும் எங்கே இருக்கும் என்று கணிக்க முடியும்.

எவ்வளவு துல்லியமாக வீச வேண்டும்? டிப்பெட் எவ்வளவு மெலிது?

மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனின் ஜன்னல் சுமார் 23 சென்டிமீட்டர் அகலம்தான். உணவு மழைபோல் வருவதால் பக்கவாட்டில் நகரவும் அதற்கு அவசியமில்லை. அதன் வரிசையிலேயே ஃப்ளை வர வேண்டும். ஒரு கை அகலம் தள்ளிப்போனால் பார்க்காமலே விட்டுவிடும். ஓட்டத்தின் மேல்பக்கம், மீனுக்கு ஒரு மீட்டருக்குள் போட்டால், நரம்பு ஃப்ளையை இழுக்கும் இழுவை பிடிப்பதற்கு முன் கடந்துவிடும். அதற்கு மேல் தூரம் வேண்டாம்.

டிப்பெட் நரம்பு, 14-க்கு 5எக்ஸ், 16, 18-க்கு 6எக்ஸ், டிரைக்கோவுக்கு 6 அல்லது 7எக்ஸ். மில்லிமீட்டரில் இவை சுமார் 0.15, 0.13, 0.10. வீசும் கயிற்றோடு டிப்பெட்டை இணைக்கும் லீடர் 12 அடி இருந்தால் வசதி. ஆனால் நரம்பின் தடிமனைவிட இழுவைதான் மீனை அதிகம் விரட்டுகிறது. ஓட்டத்தின் மேல்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி, வீசும்போதே கோலை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துப் போட்டால், நரம்புக்கு முன்னால் ஃப்ளை மீனிடம் போய்ச் சேரும். ஸ்பின்னருக்கு இதைவிட நல்ல வீச்சு கிடையாது.

மீன் எடுத்ததும் சட்டென்று இழுக்காதீர்கள். அது நிதானமாக வாய் திறந்து, மூடி, தலையைத் தாழ்த்தும். தலை கீழே போகும்வரை பொறுத்துக் கோலை உயர்த்துங்கள்.

ஆயிரக்கணக்கான நிஜப் பூச்சிகள் நடுவே என் ஃப்ளையை எடுக்குமா?

எடுக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். மீன் ஒரு தாளத்தில் எழும்பும். அந்தத் தாளத்தைக் கவனித்து, அடுத்து எழும்பும் நேரத்துக்கு ஃப்ளை அங்கே இருக்கும்படி வீசுங்கள். அப்படியும் நடக்காவிட்டால், ஒரு அளவு பெரியது போடலாம். டிரைக்கோ விழும்போது ஒரே முள்ளில் இரண்டு பூச்சி ஒட்டிக்கிடப்பது போலக் கட்டிய பேட்டர்னும் உண்டு. மீன் ஒரே வாயில் இரண்டு கிடைக்கிறதே என்று எடுப்பதைப் பார்க்கலாம்.

மூக்கால் தொட்டுவிட்டுத் திரும்பும் மீனுக்கு, ஒரு அளவு சிறியது போடுவது முதல் வேலை. அதற்கும் மசியாவிட்டால் ஒரு இறக்கையை மட்டும் பாதி நிமிர்த்திவிடுங்கள். சாகும் ஸ்பின்னர்கள் எல்லாம் ஒழுங்காகப் படுத்துவிடுவதில்லை. பல ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு இறக்கை தூக்கியபடிதான் வரும். பாலி இறக்கை என்றால் விரலாலேயே இதைச் செய்துவிடலாம்.

மூழ்கிய ஸ்பின்னர் தேவையா?

கட்டாயம் தேவை, பெரும்பாலானோர் மறந்துவிடும் ஒன்று. பேட்டிஸ் இனத்தில் பல பெண்கள் கல்லையோ குச்சியையோ பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் இறங்கி முட்டையிடும். நீரில் நிற்பவரின் கால் வழியாகக்கூட இறங்கும். வேக நீரில் விழுந்தவையும் சீக்கிரமே மூழ்கிவிடும். மேலே எதுவும் எழும்பாமல், நீருக்குள் மட்டும் மீன் பளிச்சென்று திரும்புவது தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இதற்குத் தனி பேட்டர்ன் வாங்க வேண்டாம். மிதக்கவைக்கும் மருந்து எதுவும் தடவாத ரஸ்டி ஸ்பின்னரையே நனைத்து, டிரை ஃப்ளைக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் கட்டுங்கள். ஆன்ட்ரான் இறக்கை உள்ளதை இதற்கென்று ஒதுக்கி வைத்தால் இன்னும் சுலபம்.

மிதக்கும் மருந்து எவ்வளவு?

மிகக் கொஞ்சம். விரல் நுனியில் தேய்த்து, ஒட்டியிருப்பதை மட்டும் உடலிலும் இறக்கையிலும் தொட்டுவிட்டால் போதும். நிறையப் பூசினால் இழைகள் ஒட்டி இறக்கை குச்சியாகிவிடும். சிடிசி இறக்கைக்கு ஜெல் வேண்டவே வேண்டாம், பொடி மட்டும்.

ஆண், பெண் இரண்டையும் கட்ட வேண்டுமா?

டிரைக்கோவுக்கு மட்டும் யோசிக்கலாம், அங்கே ஆண்களும் நிறைய விழும். ஹென்ட்ரிக்சன் பெண்ணுக்கு வால் முனையில் மஞ்சள் முட்டை உருண்டை இருக்கும். சில ரஸ்டிகளில் மஞ்சள் டப்பிங்கால் ஒரு துளி வைத்துக் கட்டிப் பார்க்கலாம். மற்றவற்றுக்குத் தேவையில்லை.

கடையில் வாங்கும்போது எதைக் கவனிப்பது?

ஃப்ளையைக் கண்ணாடி மேசைமேல் வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இறக்கைகள் உடலோடு ஒரே மட்டத்தில் கிடக்கின்றனவா, வால் பிரிந்திருக்கிறதா, உடல் மெலிதா? கடையில் கிடைக்கும் ஸ்பின்னர்களில் அடிக்கடி காணும் குறை தடித்த இறக்கையும் குண்டு மார்பும். இறக்கை தடித்ததை வீட்டில் கத்தரித்துச் சரிசெய்யலாம். உடல் குண்டாக இருந்தால் எடுக்காதீர்கள். முள்ளின் கண் நூலாலோ பசையாலோ அடைபட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் 20 அளவு முள்ளில் நரம்பு கோக்க முடியாமல் நிற்பது பெரிய எரிச்சல்.

அப்படியானால் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

ரஸ்டி 12 முதல் 20 வரை, நடு அளவுகளில் கூடுதலாக. கறுப்பு மார்பு டிரைக்கோ 20, 22, 24. வெளிர் மஞ்சள் அல்லது கிரீம் ஒன்று, 16-இலும் 22-இலும். ஏரிக்குப் போவதானால் காலிபேட்டிஸ். ரஸ்டியில் பாதியைக் குச்சம் வைத்தும் பாதியைக் குச்சம் இல்லாமலும் வையுங்கள். நியூசிலாந்தில் டெலியாடிடியம் என்ற மேஃப்ளை வரும் ஆறுகளிலும் பழுப்பு ஸ்பின்னரே முன்னால் வரும். எனவே இந்தத் தொகுப்பை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

காற்று அடித்தால் என்ன ஆகும்?

பூச்சிகள் கூட்டமாகச் சேராது. காற்றோ மழையோ திடீர்க் குளிரோ வந்தால் தள்ளிப்போடும். காற்று அடங்கியதும் மாலை கடைசியிலோ மறுநாள் காலையிலோ விழும். நேற்று மாலை டன் நிறைய வந்து, ஸ்பின்னர் விழவே இல்லை என்றால், இன்று விடிகாலை அமைதியாக இருக்கும்போது அதே மடுவின் கடைசிக்குப் போய்ப் பாருங்கள்.

பெட்டியில் நசுங்கிய இறக்கையை எப்படிச் சரிசெய்வது?

கொதிக்கும் நீரின் ஆவியில் இடுக்கியால் பிடித்துச் சில நொடிகள் காட்டினால் ஹேக்கிள் இறக்கை நிமிர்ந்துவிடும். பாலிக்கு ஆவி தேவையில்லை, விரலால் நீவிவிட்டால் போதும். பஞ்சுப் பட்டையில் குத்தி வைக்கும் பெட்டியைவிட, தனித்தனி அறைகள் உள்ள பெட்டி ஸ்பின்னருக்கு நல்லது. ஒரு அறையில் நிறைய அடைக்காதீர்கள். மாலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து ஒரு இரவு காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் மெல்லிய முள்ளில் துரு ஏறி, அடுத்த நல்ல மீன் எடுக்கும்போது அது முறிந்துவிடும்.